அப்பத்தாவின் ஆயுளை எழுதி வைப்பது எப்படி

ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எண்பதை நெருங்கும் அப்பத்தாவின் வாழ்க்கையை எழுதி வைக்க விரும்புகிறவர், பிறந்த ஆண்டைக் கேட்டுத் தொடங்கினால், "அதெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஆதார் அட்டையை நம்பிப் பயனில்லை. அதில் ஜனவரி 1 என்றிருந்தால், அது பெரும்பாலும் பதிவு செய்தவர் தாமாகப் போட்ட தேதியாகத்தான் இருக்கும்.

ஆகவே ஆண்டைக் கேட்காமல், ஊரே மறக்காத நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட புயல் 1964 டிசம்பரில், குரோதி வருஷம் மார்கழியில் வீசியது. அப்போது மூத்த மகன் கைக்குழந்தை என்றும், கல்யாணமாகி மூன்றாம் வருஷம் அவனைப் பெற்றதாகவும், தாலி ஏறியபோது தமக்குப் பதினாறு நடந்தது என்றும் அவர் சொன்னால், பிறப்பு 1946 அல்லது 1947 வாக்கில் என்று கணக்கிடலாம். இங்கே "பதினாறு நடந்தது" என்பது பதினைந்து முடிந்ததைக் குறிக்கும் என்பதைக் கவனிக்காவிட்டால் ஓர் ஆண்டு பிசகும். தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கொரு முறை திரும்பி வருவதால், அதைப் பிள்ளைகளின் வயதோடு ஒப்பிட்ட பிறகே குறிக்க வேண்டும். காசு வழியாகக் காலத்தைப் பிடிப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை: நயா பைசா 1957 ஏப்ரலில் வந்துவிட்டாலும், நம் கிழவிகள் இருபத்தைந்து காசை நாலணா என்றே சொல்லி வந்தார்கள்.

எதிரே உட்கார்ந்து விசாரணை செய்வதைவிட, அவர் மிளகாய்க்குக் காம்பு கிள்ளும்போதோ புளிக்குக் கொட்டை எடுக்கும்போதோ கூட உட்கார்ந்து, தாமும் கைவேலை பார்த்துக்கொண்டு கேட்பது நல்லது. அனுமதி பெற்று, கைப்பேசியை அருகில் வைத்து ஒலிப்பதிவு செய்யலாம். அரை மணிக்கு மேல் நீட்ட வேண்டாம். "மழை இல்லாத வருஷம் அடுப்பில் என்ன வெந்தது, கண்மாய் வற்றினால் தண்ணீருக்கு எங்கே போனீர்கள், எந்த நகை எதற்காக அடகுக்குப் போனது, அது திரும்பி வந்ததா?" என்று பொருளையும் வேலையையும் பற்றிக் கேட்டால், வாழ்க்கை தானாக வெளிவரும். தவறிப்போன குழந்தைகளைப் பற்றி நாமாகத் தோண்டக் கூடாது; அவராகச் சொன்னால், பெற்ற பிள்ளைகளின் வரிசையில் அவர்களையும் சேர்த்து எழுத வேண்டும். குடும்ப வரலாறுகளில் பெரும்பாலும் விடுபடுகிறவர்கள் அவர்கள்தாம்.

வீட்டுப் பெட்டியில் மொய் நோட்டு இருந்தால் அதை விடக் கூடாது. கல்யாணம், காதுகுத்து என ஒவ்வொரு விசேஷத்தின் தேதியும், வந்தவர்களின் ஊரும், செய்முறைத் தொகையும் அதில் இருப்பதால், எந்த உறவு எப்போது அறுந்தது என்பதுகூட அதிலிருந்து தெரிந்துவிடும். நிலப் பத்திரம், மாமனார் பெயரையும் எல்லைகளையும் சரிபார்க்க உதவும்.

எழுதும்போது அவரைத் தெய்வமாக்கிவிடக் கூடாது. மருமகளோடு மூன்று வருஷம் பேசாமலிருந்தார் என்றால், இருவரும் இசைந்த அளவுக்கு அதையும் எழுதலாம். உறுதியாகாத ஆண்டுக்கு முன்னால் "ஏறக்குறைய" என்று சேர்க்க வேண்டும். முடித்தபின் முழுவதையும் அவருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். "அப்படி இல்லடா" என்று அவர் இடைமறிக்கும் இடங்களில் பழைய வரியை அடித்துவிடாமல், அவருடைய திருத்தத்தை அவர் பேச்சிலேயே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.