பிள்ளைகளோடு கிழக்குக் கரையில்: சிங்கப்பூரிலிருந்து குவாலா திரெங்கானு வரை காரில்

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், விடுதியைப் பிறகு பார்க்கலாம். மலேசியாவின் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும். நம் பள்ளிகளின் ஆண்டிறுதி விடுமுறை அதற்குள்தான் விழுகிறது. அப்போது கடலில் இறங்க முடியாது, தீவு விடுதிகள் பல மூடியிருக்கும், கோத்தா திங்கி, மெர்சிங் வட்டாரத்தில் சாலையே வெள்ளத்தில் மூழ்கும். ஆகவே இந்தக் கரைக்கு ஜூன் விடுமுறைதான் சரி. செப்டம்பரின் ஒரு வாரம் இன்னும் நல்லது, கூட்டம் குறைவு. டிசம்பரில் போயே ஆகவேண்டும் என்றால் மேற்குக் கரைக்குப் போங்கள்.

இரண்டாவது, தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாதீர்கள், பகல் வெளிச்சத்தில் கணக்கிடுங்கள். ஜொகூர் பாருவிலிருந்து மெர்சிங் சுமார் 135 கிலோமீட்டர், அங்கிருந்து குவாந்தான் 190, குவாந்தானிலிருந்து குவாலா திரெங்கானு 200-க்குச் சற்று மேல். தனியாக ஓட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும். பிள்ளைகள் இருந்தால் முடிக்கக் கூடாது. நாம் போகும் கூட்டரசு சாலை 3 பெரும்பகுதி இருவழிச் சாலை. எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே விளக்கில்லாத நீண்ட பகுதிகள் உண்டு. கோத்தா திங்கிக்கும் மெர்சிங்குக்கும் இடையில் யானை கடக்கும் பகுதி என்று பலகை வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. பொழுது சாய்ந்தபின் மாடு, லாரி, மோட்டார்சைக்கிள் எதுவும் தெரியாது. பிற்பகல் 4 மணிக்குள் விடுதி வாசலில் நிற்கும்படி ஒவ்வொரு நாளையும் வகுத்தால் மழைக்கும் பஞ்சருக்கும் கைவசம் மூன்று மணி நேரம் மிஞ்சும்.

நல்ல பங்கீடு இது: முதல் நாள் மெர்சிங், இரண்டாம் நாள் எண்டாவ், ரொம்பின், பெக்கான் வழியாகக் குவாந்தான், மூன்றாம் நாள் 45 கிலோமீட்டர் மட்டும் ஓட்டிச் செரத்திங். அங்கே இரண்டு இரவு தங்குங்கள். பிறகு கெமாமான், டுங்குன், மாராங் வழியாகக் குவாலா திரெங்கானு. டுங்குனுக்கு வடக்கே சாலை கடலை ஒட்டியே போகும். அவசரம் என்றால் கிழக்குக் கரை நெடுஞ்சாலை இருக்கிறது, ஆனால் அதில் கடல் தெரியாது. அதைத் திரும்பும்போது பயன்படுத்துங்கள்.

காருக்கான தாள்கள். சிங்கப்பூரில் பதிவான வாகனத்துக்கு மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி, அதாவது விஇபி, இருக்கவேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத வாகனத்துக்கு 300 ரிங்கிட் அபராதம். விண்ணப்பித்து வில்லை கைக்கு வந்து ஒட்டி முடிக்க நாளாகும், கடைசி வாரத்தில் தொடங்காதீர்கள். நுழையும்போது காருக்கு 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் உண்டு. அதைக் கட்டப் பயன்படும் டச் என் கோ அட்டையில் 50 ரிங்கிட்டாவது வைத்துக்கொண்டு கிளம்புங்கள். மீதி போதாமல் தடுப்புக்கு முன்னால் நிற்பதுதான் அங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு. கைபேசியிலேயே பணம் நிரப்பக்கூடிய அட்டையாக இருந்தால் அந்தக் கவலை இல்லை. காப்புறுதி நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: யார் யார் ஓட்டலாம், மலேசியாவில் கார் நின்றுபோனால் சிங்கப்பூர் வரை இழுத்துவரும் செலவு யாருடையது. வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட நிறுவனத்தின் அனுமதி தேவை.

சிங்கப்பூர்ச் சோதனைச்சாவடிகளான உட்லண்ட்ஸிலோ துவாஸிலோ வெளியேறும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பங்காவது நிறைந்திருக்கவேண்டும். குறைந்தால் அபராதம், அதோடு காரைத் திருப்பி அனுப்புவார்கள். மலேசியாவில் மஞ்சள் குழாயைத் தொடாதீர்கள். அது மானிய விலையில் விற்கும் ரான் 95 பெட்ரோல், வெளிநாட்டு வாகனத்துக்கு விற்கத் தடை. நமக்கு ரான் 97. சிறிய நிலையங்களில் 97 தீர்ந்திருக்கலாம், அதனால் பாதித் தொட்டிக்குக் கீழே இறங்கவிடாமல் மெர்சிங், குவாந்தான் போன்ற ஊர்களில் நிரப்பிக்கொள்ளுங்கள். பம்பிலேயே கடன் அட்டையைத் தட்டினால் நீங்கள் ஊற்றியதைவிடப் பெரிய தொகையைச் சில நாள் பிடித்துவைப்பார்கள். முகப்பில் போய்த் தொகை சொல்லிக் கட்டுவதே மேல்.

ஆட்களுக்கான தாள்கள். எல்லாக் கடப்பிதழும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசிய மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிப் பாட்டிக்குத் தேவை. பயணத்துக்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்பவேண்டும். ஒரே குடும்பத்தில் இரண்டு வகைக் கடப்பிதழ் இருந்தால் இதைத்தான் மறப்பார்கள். நம் சோதனைச்சாவடியில் கியூஆர் குறியீடு போதும், சிங்கப்பூர்க் குடிநுழைவுத் துறையின் மைஐசிஏ செயலியில் பத்துப் பேர் வரை ஒரே குறியீட்டில் சேர்க்கலாம். கார் சோதனை முகப்பை நெருங்குமுன் எல்லாச் சன்னலையும் இறக்கி, தூங்கும் பிள்ளைகளின் தொப்பியைக் கழற்றிவிடுங்கள்.

வெள்ளி மாலையும் சனி காலையும் ஜொகூர் பாருவுக்குப் போகும் கடற்பாலத்தை மறந்துவிடுங்கள். வாரநாள் காலையில் வேலைக்கு வருவோர் கூட்டம் எதிர்த்திசையில் இருக்கும், நமக்கு வழி கிடைக்கும். கிளம்புமுன் சாலைக் கேமராப் படத்தை ஒருமுறை பாருங்கள். ஜொகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறு. திரெங்கானுவில் வெள்ளி, சனி. அங்கே வெள்ளிக்கிழமை நடுப்பகலில் பல கடைகள் அடைத்திருக்கும், சாப்பாட்டை முன்கூட்டியே பாருங்கள்.

இருக்கையில் சமரசம் வேண்டாம். 135 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைக்கு உயரத்துக்கேற்ற பாதுகாப்பு இருக்கை சிங்கப்பூரில் கட்டாயம், மலேசியாவிலும் 2020 முதல் கட்டாயம். "பக்கத்து ஊர்தானே, அம்மா மடியில் வரட்டும்" என்பது கேட்கக் கூடாத பேச்சு. ஆள், பெட்டி எல்லாம் ஏறியபின் டயருக்கு எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டிய தாளில் இருக்கும். முழுப் பாரத்துக்கான எண்ணைப் பார்த்து, டயர் சூடாகுமுன் நிரப்புங்கள். கூடுதல் டயரிலும் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு இட்லியில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி எடுத்துப் போங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம், காரின் சூட்டில் புளித்துவிடும். புளிச்சோறு மதியம் வரை தாங்கும். கிளம்பும் காலையில் பிள்ளைக்குப் பாலும் எண்ணெய்ப் பலகாரமும் கொடுத்தால் கோத்தா திங்கி தாண்டுமுன் வாந்தி நிச்சயம். புத்தகம், கைபேசி இரண்டும் வளைவில்லாத சாலையில் மட்டும். குமட்டல் மாத்திரை வயதைப் பொறுத்தது, மருத்துவரிடம் அளவு கேட்டு, கிளம்புமுன் கொடுக்கவேண்டும். வாந்தி வந்தபின் கொடுத்துப் பயனில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் இறங்கி ஓடட்டும். சாலை 3-இல் நெடுஞ்சாலை ஓய்விடங்கள் கிடையாது, எண்ணெய் நிலையக் கழிப்பறைதான் கதி. சில்லறைக் காசும் மெல்லிழைத்தாளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சைவக் குடும்பம் என்றால் கெரோப்போக் லேக்கோர் மீன் என்பதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சாலையோரமெல்லாம் அதுதான் பொரியும். மாமாக் கடை, அதாவது இந்திய முஸ்லிம் உணவகத்தில் ரொட்டி சானாய் என்ற பரோட்டாவுக்குப் பருப்பு தனியாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் மேலே மீன்குழம்பு ஊற்றிவிடுவார்கள்.

கடற்கரையில் சிவப்புக் கொடி என்றால் முழங்கால் அளவுகூட வேண்டாம். செரத்திங்கில் நீர் வற்றும்போது கடல் வெகுதூரம் பின்வாங்கும், சிறுவர்களுக்கு ஏற்ற நேரம் அது. மாலையில் மணல் ஈ கடிக்கும், முழுக்கால்சட்டை போடுங்கள். குவாந்தானின் தெலுக் செம்படாக் கடற்கரையில் குரங்குகள் கையிலிருக்கும் பொட்டலத்தைப் பிடுங்கும், உணவைக் காரிலேயே வையுங்கள். ஒரு போத்தல் வெள்ளை வினிகர் கட்டாயம். சொறிமீன் பட்ட இடத்தில் அரை நிமிடமாவது ஊற்றவேண்டும். மணலால் தேய்க்கக் கூடாது, குடிநீராலும் கழுவக் கூடாது, விஷம் இன்னும் வெளிவரும். மூச்சுத் திணறினால் 999.

ஆமை பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளைச் செரத்திங் ஆமைப் பாதுகாப்பு நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். டுங்குனுக்கு வடக்கே உள்ள ரந்தாவ் அபாங் கடற்கரையில் ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிட வந்த பெரிய தோணியாமைகள் இன்று வருவதே அரிது. முட்டைகளைத் தோண்டி விற்றதும் மீன்வலைகளும் அதற்கு முக்கியக் காரணங்கள். இதைப் பிள்ளைகளுக்கு அந்தக் கரையில் நின்றே சொல்லவேண்டும். இரவில் கைவிளக்கு, ஃபிளாஷ் எதுவும் கூடாது. வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

திரும்பும் வழியைக் குவாந்தானிலோ மெர்சிங்கிலோ ஓர் இரவு உடைத்து, வாரநாளில் எல்லைக்கு வாருங்கள். ஞாயிறு மாலை வரிசை மூன்று மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தவருக்கு 500 சிங்கப்பூர் வெள்ளி வரையிலான புதுப்பொருளுக்கு ஜிஎஸ்டி இல்லை. மதுவுக்கும் சிகரெட்டுக்கும் அந்தச் சலுகை கிடையாது. கடைசிக் கழிப்பறை நிறுத்தத்தைக் கோத்தா திங்கியிலேயே முடித்துவிடுங்கள். தண்ணீர், ஒரு டப்பா பிஸ்கட், மாற்று உடை, அகலவாய் போத்தல் நான்கும் பின்பெட்டியில் அல்ல, பின்னிருக்கையின் காலடியில்.