பினியன் சீல் மாற்றுவது சுலபம், அந்த நட்டைத் தவிர

2,80,000 கிலோமீட்டர் ஓடிய என் ஜீப், நிறுத்தும் இடத்தில் எல்லாம் பின்சக்கரங்களுக்கு நடுவே ஒரு கறுப்புப் பொட்டு வைக்க ஆரம்பித்தது. முகர்ந்தால் கந்தக நாற்றம். அப்படியென்றால் கியர் ஆயில்தான். டிஃபரன்ஷியலின் (பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் கியர் பெட்டி) முன்வாயில், பினியன் என்ற சின்னக் கியரின் தண்டைச் சுற்றி ஆயில் ஒழுகாமல் தடுக்கும் வளையமான பினியன் சீல் போய்விட்டது.

முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின்னால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜின் சுழற்சியைப் பின்னால் கொண்டுவரும் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கியரில் போட்டிருந்தாலும் வண்டி நிற்காது. ஆயிலை வடிக்கும் முன் ஊற்றும் திருகைத் திறந்து பாருங்கள். வடித்த பிறகு அது திறக்காவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஷாஃப்டும் ஃபிளாஞ்சும் (பினியன் முனையில் நட்டு பிடித்திருக்கும் தட்டு) சேரும் இடத்தில் பெயின்ட் கோடு போட்டு, நான்கு போல்ட்டையும் கழற்றி, ஷாஃப்டைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள்.

இனிதான் நட்டு. பல வண்டிகளில் இரண்டு பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் ஸ்லீவ் ஒன்று உண்டு. நட்டை முறுக்க முறுக்க அது நசுங்கி பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கும். நசுங்கியது திரும்ப விரியாது. முதல்முறை இறுக்கும்போது நான்கடி பைப் போட்டு ஏறி மிதித்தேன். அடுத்த வாரமே ஊளைச் சத்தம், பேரிங் போச்சு. ஆகவே கழற்றும் முன் சென்டர் பஞ்சால் நட்டு, பினியன் முனை, ஃபிளாஞ்ச் மூன்றிலும் குறி வையுங்கள். வெளியே தெரியும் மரைகளை எண்ணிக்கொள்ளுங்கள். மாட்டும்போது அதே குறிக்கு வந்து, ஒரு மயிரிழை தாண்டினால் போதும். முறுக்குவதற்கு இம்பாக்ட் கன் வேண்டவே வேண்டாம், கை பாரே நல்லது.

நட்டையும் ஃபிளாஞ்சையும் கழற்றி, பழைய சீலை நெம்பி எடுத்துவிட்டு, புதியதை ஸ்பிரிங் உள்பக்கம் இருக்குமாறு வைத்து, உதட்டில் கிரீஸ் தடவி, மரக்கட்டையால் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். அப்புறம் ஃபிளாஞ்சில் சீல் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் புது சீலும் ஒழுகும். உப்புத்தாள் துருவை எடுக்குமே தவிரப் பள்ளத்தை நிரப்பாது. அந்த இடத்தின் மேல் மாட்டும் மெல்லிய உலோக உறையான ரிப்பேர் ஸ்லீவ் போடுங்கள்.

கடைசியாக வண்டியைச் சமதளத்தில் இறக்கி, கையேட்டில் சொன்ன ஆயிலை (எனக்குத் தரம் ஜிஎல்-5, பாகுநிலை 80டபிள்யூ-90) துளையில் வழியும்வரை ஊற்றுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்து மாற்றிய ஒருவருக்கு இரண்டே வாரத்தில் மறுபடி ஒழுகியது. டிஃபரன்ஷியலின் காற்றுப்போக்கியான பிரீதரைப் பார்க்கச் சொன்னேன். அது அடைத்தால் சூடான காற்று சீல் வழியாகத்தான் ஆயிலைத் தள்ளும். கழற்றி ஊதிப் பார்த்தாராம், காற்றே போகவில்லை. உள்ளே குளவி மண்.