வாவிக்குள் நிற்கும் தங்குமிடம்: இணைய வரைபடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு வாவியோரம் கல்லடியில் உள்ள ஒரு தங்குமிடத்துக்கு இணையத்தளம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் வரைபடத்தைக் காட்டும் லீஃப்லெட் நிரலும், எவரும் பயன்படுத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடமும் இருப்பதால் வரைபடம் சேர்ப்பது பெரிய வேலையே அல்ல. குறி எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்கத்தான் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை.

லீஃப்லெட் அகலக்கோட்டை முதலில் கேட்கும். இடங்களின் தரவைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பிலோ நெடுங்கோடு முதலில் வரும். மட்டக்களப்பு ஏறத்தாழ 7.7 வடக்கு, 81.7 கிழக்கு. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் தங்குமிடம் ஆர்க்டிக் சமுத்திரத்தில் மிதக்கும். நல்லவேளை, இது உடனே கண்ணில் பட்டுவிடும். தசம இடங்களைக் குறைப்பது அப்படியல்ல. இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் குறி அரைக் கிலோமீற்றருக்கு மேலும் விலகலாம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அந்த அளவே வாவிக்குள் இறக்கிவிடப் போதும். ஐந்து தசமம் எழுதுங்கள், ஒரு மீற்றர் அளவுக்குச் சரியாக இருக்கும்.

இவற்றையெல்லாம் விட எனக்கு எரிச்சலூட்டுவது, ‘அருகிலுள்ள கிளை’ என்று காட்டும் வசதி. பெரும்பாலான தளங்கள் இரு புள்ளிகளுக்கு இடையிலான நேர்கோட்டுத் தூரத்தையே கணக்கிடுகின்றன. கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் பிரித்துக்கொண்டு வாவி கிடக்கும் மாவட்டத்தில் அந்தக் கணக்கு உதவாது. குருமண்வெளியில் நிற்பவருக்கு மண்டூர் நேர் எதிரே தெரியும். மோட்டார் சைக்கிளில் தரைவழியாகப் போகிறவரோ வாவியைச் சுற்ற வேண்டும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்ட பின் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவது எளிதாகிவிட்டது. ஆனாலும் நேர்கோட்டுக் கணக்குக்குப் பாலம் எங்கே என்று தெரியாது. பொருள் விநியோகக் கட்டணத்தை அதை வைத்து நிர்ணயித்தால் நட்டம் கடைக்காரருக்குத்தான். வீதி வழித் தூரத்தைத் தரும் சேவையைப் பயன்படுத்துங்கள். முடியாவிட்டால் ஊர்வாரியாகக் கட்டணத்தைக் கையால் எழுதிவைப்பதே மேல்.

பக்கம் திறந்ததுமே ‘உங்கள் இருப்பிடத்தை அறியலாமா?’ என்று கேட்காதீர்கள். காரணம் தெரியாமல் யார் சம்மதிப்பார்? ஒருமுறை மறுத்தவரிடம் உலாவி பெரும்பாலும் மறுபடி கேட்காது. ‘எனக்கு அருகில்’ என்ற பொத்தானை அவரே அழுத்தும்போது கேளுங்கள். தளம் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முகவரியில் இல்லையென்றால் இந்த வசதி இயங்கவே இயங்காது. ஜிபிஎஸ் இல்லாத மேசைக் கணினி, ஏறாவூரில் இருப்பவரைக் கொழும்பில் இருப்பதாகக் காட்டவும் கூடும். ஆகவே ஊரைத் தாமே தெரிவுசெய்ய ஒரு பட்டியலும் வேண்டும்.

கூகுள் மேப்ஸ் பயன்படுத்துவோர், அச்சேவைக்காகத் தரப்படும் குறியீடான ஏபிஐ சாவியைத் தம் தள முகவரிக்கு மட்டும் கட்டுப்படுத்த வேண்டும். பக்கத்தின் மூலநிரலில் அது எவருக்கும் தெரியும். எடுத்துப் பயன்படுத்துவது யாராக இருந்தாலும் பில் உங்களுக்குத்தான் வரும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, ஆனால் மூலையில் அதன் பெயர் இருக்க வேண்டும். அழகு கெடுகிறது என்று அதை மறைப்பது உரிம மீறல்.

கைபேசியில் வரைபடம் திரை முழுவதையும் அடைத்தால், பக்கத்தைக் கீழே தள்ள வைத்த விரல் வரைபடத்தையே நகர்த்திக்கொண்டிருக்கும். உயரத்தைத் திரையின் பாதியோடு நிறுத்துங்கள். அதன் கீழே முகவரியையும், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். ஆட்டோக்காரரிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்ட அதுதான் உதவும்.