வாடகைக்கு விடும் புது ஓனர்கள் வக்கீல் பிடிக்கும்போது செய்கிற தவறுகள்

சென்னையில் முதல்முறையாக வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் பலர், வாடகை நின்ற பிறகுதான் "நல்ல வக்கீல் யாராவது இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள். ஃபீஸைப் பேசிக்கொள்ளாமல் போவது, ரசீது வாங்காமல் விடுவது எல்லாம் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிரையப் பத்திரம் எழுதியவரிடமே போவது

வீடு வாங்கும்போது பத்திரம் பார்த்த வக்கீல் ஏற்கெனவே பழக்கம், வீட்டுக்கும் வந்துபோவார். வாடகை விவகாரத்தையும் அவரிடமே கொடுத்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா மாடி போர்ஷனுக்கு அப்படித்தான் அவரை வைத்து 11 மாத ஒப்பந்தம் போட்டார். "ஒரு வருஷத்துக்குக் கீழே இருக்கு, பதிவே வேண்டாம்" என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அது பழைய கணக்கு. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி எத்தனை மாதத்துக்கு என்றாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும்.

அப்புறம் வாடகை நின்றது. அதே வக்கீல் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டார். இந்தச் சட்டத்துக்குள் வரும் விஷயத்தை விசாரிக்க சிவில் கோர்ட்டுக்கு அதிகாரமே கிடையாது, வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வாய்தா மேல் வாய்தா போய், கடைசியில் வேறு வக்கீலை வைத்து முதலிலிருந்து தொடங்கினார்கள். அதுவரை குடித்தனக்காரர் வாடகை தராமல் அதே மாடியில்தான் இருந்தார். அந்த வக்கீல் கிரையத்தில் கெட்டிக்காரர். தெரியாத வேலையைத் தெரிந்த மாதிரி வாங்கிக்கொண்டதுதான் எனக்கு இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

குடித்தனக்காரரைக் காலி செய்ய வைப்பதற்கான காரணங்கள் புதுச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் இருக்கின்றன. முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: "21ஆம் பிரிவில் எந்தக் காரணத்தைச் சொல்லி மனு போடுவீங்க?" இரண்டு மாத வாடகைப் பாக்கியா, ஒப்பந்தமே போடாததா, சொந்தத் தேவையா என்று உங்கள் நிலைமையைக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னால் சரி, ஆள் இந்த வேலையில் இருக்கிறார். சென்னையில் வாடகை நீதிமன்றம் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கிறது. இந்த மனுக்களுக்கு ஆர்.எல்.டி.ஓ.பி. என்று எண் கொடுப்பார்கள். ஆர்.சி.ஓ.பி. என்பது பழைய சட்டத்து மனு. கோர்ட் வழக்கு விவரங்களைப் பார்க்கும் அரசின் இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடினால் அவருடைய வழக்குகள் வரும். ஆர்.எல்.டி.ஓ.பி. ஒன்றுகூட இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

இணையத்தில் முதலில் வரும் பெயரை நம்புவது

வக்கீல்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. வக்கீல்களைப் பட்டியலிட்டு விற்கும் இணையதளங்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. அங்கே இருக்கும் நட்சத்திரங்களை வைத்து ஆளை எடை போடாதீர்கள். சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து யார் எப்படி வாதாடுகிறார்கள் என்று பாருங்கள்.

"ஜெயிச்சா பங்கு கொடுங்க" என்பவர்

அப்படி ஃபீஸ் பேசுவதே விதிமீறல். வேண்டாம்.

"தண்ணி, கரண்டை நிறுத்துங்க" என்பவர்

புதுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரிஜினல்களை விட்டுவிட்டு வருவது

நகல் கொடுங்கள். ஒரிஜினல் கோர்ட்டுக்குத் தேவைப்படும் நாளில் நீங்களே எடுத்துப் போங்கள். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வக்கீல் கட்சிக்காரரின் கோப்பைப் பிடித்து வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் அதை வாங்குவதற்குள் அலைச்சல் போதும் போதும் என்றாகிவிடும். வக்கீலை மாற்றும்போதும் பழையவரின் ஆட்சேபணையின்மைக் கையெழுத்து வேண்டும், அவர் தராவிட்டால் கோர்ட்டில் அனுமதி கேட்க வேண்டும். வக்காலத்தில், அதாவது உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் தாளில், கையெழுத்துப் போடும் முன் அதன் ஒரு நகலையும், மனு போட்டதும் வழக்கு எண்ணையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.