மாருதி 800 மிஸ்ஸிங் அடிக்கிறதா? கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் பாகம்) வைத்த பழைய மாருதி 800-இல் இருப்பது 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் படுத்துவிட்டால், அதாவது மிஸ்ஸிங் வந்தால், மூன்றில் ஒரு பங்கு பலம் போச்சு. ஐடிலிங்கில் கியர் லீவர் நடுங்கும், சைலன்சர் சத்தத்தில் தாளம் தப்பும், மேம்பாலம் ஏறும்போது இழுவை இருக்காது, பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

இந்தப் புகாரோடு பட்டறைக்குப் போனால் பலரும் முதலில் கழற்றுவது கார்புரேட்டரைத்தான். ஆனால் இந்த வயது வண்டியில் கோளாறு பெரும்பாலும் கரண்ட் பக்கம்தான் இருக்கும். எந்த சிலிண்டர் என்று முதலில் கண்டுபிடித்து, பிறகு ஸ்பார்க், அதன்பின் பெட்ரோல், கடைசியில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) என்று போனால் வீண் செலவு வராது.

பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), மல்டிமீட்டர், நைஸ் எமரி பேப்பர், வேலை செய்யும் பழைய பிளக் ஒன்று, இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒயர், ஒரு கேன் கார்புரேட்டர் கிளீனர் போதும். கம்ப்ரஷன் கேஜ் தேவைப்பட்டால் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

படி 1: எந்த சிலிண்டர்?

ஓடும் எஞ்சினில் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழக்கம். கையில் ஷாக் அடிப்பது ஒருபுறம். எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் ஸ்பார்க் பாய வழியில்லாமல், மின்னழுத்தத்தை உயர்த்தும் காயிலும் அதை இயக்கும் மாட்யூலும் கெடவும் கூடும். எனவே எஞ்சினை அணைத்துவிட்டு, முதல் சிலிண்டரின் ஒயரைக் கழற்றி, அதில் பழைய பிளக்கைச் செருகி, பிளக்கின் உலோக உடம்பைக் கிளிப் ஒயரால் எஞ்சினோடு எர்த் செய்யுங்கள். இப்போது ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங் இன்னும் மோசமாக வேண்டும். மோசமானால் அந்த சிலிண்டர் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம். வித்தியாசமே தெரியாவிட்டால் அதுதான் படுத்திருக்கும் சிலிண்டர். மூன்றையும் இப்படிப் பாருங்கள். எந்த ஒயர் எந்தப் பிளக்குக்கு என்று டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் ஸ்பார்க் வரும் வரிசை) 1-3-2, மாற்றிச் செருகினால் புதுக் கோளாறு.

மூன்றில் எதையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாமல் மாறி மாறி மிஸ் ஆனால், எல்லா சிலிண்டருக்கும் பொதுவான இடத்தைத் தேடுங்கள்: ரோட்டார் (சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரம் தருவது), பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்), அதனுடன் இணைந்த கண்டன்சர், காயில், இல்லையென்றால் பெட்ரோல்.

படி 2: பிளக்

ஹெட் அலுமினியம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே பிளக்கைக் கழற்றுங்கள். சூட்டில் திருகினால் மரை பிய்ந்து வரும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்; சோக் முழுதாகத் திறக்கிறதா பாருங்கள். பெட்ரோல் வாசனையோடு ஈரமாக இருந்தால் ஸ்பார்க் வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் அல்லது வால்வ் சீல். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எஞ்சின் சூடேறுகிறது.

இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. பீங்கானில் முடி மாதிரிக் கீறல் தெரிந்தால் பிளக்கைத் தூக்கிப் போடுங்கள். புதுப் பிளக்கை முழுதாக உட்காரும்வரை கையாலேயே திருகி, அதன்பின் ஸ்பேனரால் அரைச் சுற்று போதும்.

படி 3: ஒயர், கேப், ரோட்டார்

மழைநாள் காலையில் மட்டும் மிஸ்ஸிங் வந்து, எஞ்சின் சூடானதும் சரியானால் சந்தேகமே வேண்டாம், டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பாகம்) கேப்பைக் கழற்றுங்கள். உள்ளே ஈரம் கோத்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரியலாம். அது ஸ்பார்க் குறுக்கே ஓடிய கரித்தடம். துடைத்தாலும் திரும்ப வரும். கேப்பை மாற்றுவதுதான் வழி. நடுவிலுள்ள கார்பன் குச்சி ஸ்பிரிங்கில் ஏறி இறங்குகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள்.

ஒயர்களை மல்டிமீட்டரில் அளந்து, ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகம் காட்டினாலோ 20 கிலோ ஓமைத் தாண்டினாலோ செட்டாக மாற்றுங்கள். இருட்டில் பானட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒயர்கள் மேல் ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் தெளித்தால், கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் தள்ளியே வையுங்கள்.

படி 4: பாயிண்ட், கண்டன்சர்

பாயிண்ட் வைத்த வண்டிகளுக்கு மட்டும். இக்னிஷனை அணைத்து, பிளக்குகளைக் கழற்றி, நாலாவது கியரில் போட்டு வண்டியை மெதுவாகத் தள்ளினால் எஞ்சின் சுற்றும். கேம் மேட்டின் உச்சியில் பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. இருக்க வேண்டும். லேசான கரி என்றால் எமரி பேப்பர் போதும். ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் மேடு என்று ஆகியிருந்தால் பாயிண்டோடு கண்டன்சரையும் மாற்றுங்கள். கண்டன்சர் கெட்டதால்தான் பாயிண்ட் அப்படி எரிகிறது. இந்த இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் (ஸ்பார்க் வரும் நேரம்) நகரும், அதையும் டைமிங் லைட் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

எஞ்சின் ஓடாதபோது சாவியை ஆனில் விட்டு வைக்காதீர்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் சூடேறிக் கெடும்.

படி 5: காற்றும் பெட்ரோலும்

ஸ்பார்க் எல்லாம் நீலமாக, "சட் சட்" என்று வருகிறது, ஆனாலும் ஐடிலிங்கில் மட்டும் மிஸ்ஸிங் என்றால் சோக்கைக் கால்வாசி இழுத்துப் பாருங்கள். எஞ்சின் நிதானமானால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது, அல்லது ஐடில் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைத்திருக்கிறது. கார்புரேட்டர் அடி கேஸ்கட், மேனிஃபோல்ட் ஓரம், வேக்குவம் ஹோஸ்கள் மேல் கிளீனரைத் துளித்துளியாக அடியுங்கள். எஞ்சின் சத்தம் மாறும் இடம்தான் லீக். சூடான எக்ஸாஸ்ட் பக்கம் அடித்தால் தீப்பிடிக்கும்.

வேகத்தில் அல்லது ஏற்றத்தில் மட்டும் திணறினால் பெட்ரோல் ஃபில்டரை மாற்றுங்கள், பம்ப் டயஃப்ரத்தைப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஹோஸ் உப்பி, உட்புறம் உரிந்து ஜெட்டை அடைக்கும். ஹோஸை மாற்றாமல் ஜெட்டை மட்டும் ஊதிவிட்டால் சீக்கிரமே மறுபடி அடைக்கும்.

படி 6: கம்ப்ரஷன்

எல்லாம் சரி, குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் மட்டும் மசியவில்லையா? மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் இணைப்பை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஐந்து விநாடி கிராங்க் செய்து கேஜைப் பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் சதுர செ.மீ.க்கு 1 கிலோவைத் தாண்டக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட்.

வால்வ் என்று தெரிந்தால் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் வால்வ் கிளியரன்ஸை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் உள்ள இடைவெளி) சரிபாருங்கள்: ஆறிய எஞ்சினில் 0.15 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். இறுகிப்போன வால்வ் முழுதாக மூடாது. விட்டுவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வ் கருகும். கிளியரன்ஸ் வைத்த பிறகும் கம்ப்ரஷன் ஏறவில்லை என்றால் ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். அப்போது ஹெட் வளைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.