சிரிச்சிட்டே அடி வாங்குறவன்: ஆரும் எடுக்காத போக்கிமொனை ஆட்டத்துக்கு எடுப்பது

கல்லடியில் எனக்கு ஒரு கொமினிகேஷன் கடை. போட்டோகொப்பி, ரீலோட், பாஸ்ட் பேப்பர் பிரிண்ட். பள்ளிக்கூடம் விட்டு ஒன்றரைக்கு வருகிற கூட்டம் இரண்டு மணிக்குள் கலைந்துவிடும். ரியூஷன் பிள்ளைகள் மூன்று மணிக்குத்தான் எட்டிப் பார்ப்பார்கள். நடுவில் கிடைக்கிற அந்த ஒரு மணித்தியாலம் என்னுடைய ஷோடவுன் நேரம். ஆளுக்கு ஆறு போக்கிமொன் கொண்ட அணியோடு மோதுகிற போக்கிமொன் ஷோடவுன் பிரவுசரிலேயே ஓடும், காசு இல்லை, பழைய போனிலும் வேலை செய்யும். கரண்ட் போனால் போட்டோகொப்பி மெஷின்தான் நிற்கும், ஆட்டம் நிற்காது.

எதிராளி பெரும்பாலும் மண்டூரில் இருக்கிற மச்சான், மாமியின் மகன். குருமண்வெளிக்குப் பாதையில், அதாவது வாவி கடக்கிற படகில், வந்து பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவன். பாதை வரும்வரை துறையில் நின்றபடியே எனக்கு சவால் அனுப்புவான். அவனுடைய அணியில் எப்போதும் எல்லாரும் எடுக்கிற பெரிய தலைகள்தான். நான் அதற்கு நேர்மாறு. ஆரும் தொடாததைத்தான் தொடுவேன் என்று ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தால் முதல் இரண்டு மாதம் வடிவாகத் தோற்றேன்.

காரணம் சின்னது. ஆரும் எடுக்காதது என்பதற்காகவே லவ்டிஸ்கை எடுத்தேன். இதய வடிவில் ஒரு மீன். எச்பி (உயிர்), தாக்குதல், தற்காப்பு, ஸ்பெஷல் தாக்குதல், ஸ்பெஷல் தற்காப்பு, வேகம் என்ற ஆறு அடிப்படை எண்களையும் கூட்டினால் 330. மச்சானின் கார்சோம்புக்கு 600. வேகத்தைத் தவிர அந்த மீனிடம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, அந்த வேகத்தையும் அதைவிடக் கெதியாக ஓடுகிறவர்கள் தின்றுவிட்டார்கள். சில போக்கிமொன்களை ஆரும் எடுக்காததற்குக் காரணம் அவை உண்மையிலேயே உதவாதவை என்பதுதான். இதை ஒத்துக்கொள்ளாமல் இந்த வழியில் இறங்கவே கூடாது.

ஆனால் 'உதவாதது' என்பதையும் 'ஆரும் எடுக்காதது' என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவும் கூடாது. ஸ்மோகன் என்ற போக்கிமொன் போட்டித் தளத்து ஆட்கள் ஓயூ, யூயூ, ஆர்யூ, என்யூ என்று தட்டுத் தட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்களே, அந்தப் பிரிப்பு முக்கியமாகப் பாவனைக் கணக்கில் நிற்கிறது. ஒரு போக்கிமொன் மேல்தட்டில் நிற்க வேண்டிய எல்லை 4.52 வீதம். 15 ஆட்டம் ஆடினால் ஒரு தடவையாவது அது எதிரில் வர ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு இருக்க வேண்டும் என்ற கணக்கில் வந்த எண் அது. அதாவது கீழ்த்தட்டில் கிடக்கிறது என்றால் ஆட்கள் அதைக் குறைவாக எடுக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். குறைவாக எடுப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். அதே வேலையைக் கொஞ்சம் நன்றாகச் செய்கிற இன்னொன்று இருக்கலாம். எல்லாரும் மற்றவன் எடுப்பதையே பார்த்து எடுக்கலாம்.

ஆகவே போக்கிமொனைத் தேடாதீர்கள், வேலையைத் தேடுங்கள். உங்கள் அணி எங்கே உடைகிறது, எந்த ஒருவன் வந்தால் ஆட்டம் முடிகிறது என்று பாருங்கள். அந்த இடத்தை அடைக்கிற ஆள் ஆர் என்று பிறகு தேடுங்கள்.

இதற்கு ஊரறிந்த உதாரணம் 2014 போக்கிமொன் உலகப் போட்டி, வொஷிங்டன் டிசி. ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் இரண்டு பேரை இறக்குகிற இரட்டை ஆட்டம் அது. தென் கொரியாவின் செ ஜுன் பார்க் பாச்சிரிசுவோடு போய் வென்றார். வெள்ளையும் நீலமுமாக ஒரு மின்சார அணில், கூட்டுத்தொகை 405. அது என்ன வேலை செய்தது என்று பாருங்கள். ஃபாலோ மீ போட்டு எதிராளியின் அடிகளைத் தன்பக்கம் இழுத்தது. வோல்ட் அப்சோர்ப் இருப்பதால் மின்சார அடி விழுந்தால் அதற்கு எச்பி ஏறும். அதே அணியில் கையரடோஸ் நின்றது, நீரும் பறப்பும் சேர்ந்த வகை, மின்சாரம் பட்டால் நாலு மடங்கு. கையரடோஸுக்கு வர வேண்டிய சாவை அணில் வாங்கிச் சாப்பிட்டது. போதாததற்கு சூப்பர் ஃபேங்க், எதிராளியின் மிச்ச எச்பியில் பாதியைக் கடித்தெடுக்கும். அடிக்கிற பலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பாதி பாதிதான். அவர் அந்த அணிலை இரக்கப்பட்டு எடுத்திருக்க மாட்டார். அவ்வருடம் கேலோஸ் என்ற ஆட்டப் பிரதேசத்தின் பட்டியலில் உள்ளவற்றை மட்டுமே எடுக்கலாம் என்ற விதியும் இருந்தது. இருந்தவற்றுக்குள் அந்த வேலைக்குப் பொருந்திய ஆள் அது.

என்னுடைய ஓட்டை எங்கே என்று சொல்கிறேன். மச்சானும் நானும் ஆடுவது ஏழாம் தலைமுறை (சன், மூன் கால) விதிகளில், களத்தில் ஒரு நேரம் ஆளுக்கு ஒன்று. அவனுடைய ஒரே பாட்டு: கார்சோம்பை இறக்குவான், தாக்குதல் பலத்தை ஏற்றுகிற ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஒன்று ஆடுவான், இடம் கிடைத்தால் இன்னொன்றும் ஆடுவான், பிறகு ஏர்த்குவேக் என்ற நிலத்து அடியால் என் ஆறு பேரையும் வரிசையாகச் சாய்ப்பான். அப்போது எனக்கு வேண்டியது ஒரே வேலை: அவன் எவ்வளவு ஆடினாலும் அந்த ஆட்டத்தைக் கணக்கில் எடுக்காத ஒருவன்.

அன்அவேர் என்று ஒரு அபிலிட்டி, அதாவது பிறவிக் குணம், இருக்கிறது. எதிராளி தன் பலத்தை எவ்வளவு ஏற்றினாலும், இது இருக்கிறவனுக்கு அது தெரியாது. ஏற்றாத அடியாகத்தான் விழும். குவாக்சயருக்கு அது உண்டு. நீரும் நிலமும் சேர்ந்த நீலச் சேற்றுப் பிராணி, கூட்டுத்தொகை 430, வேகம் 35, வாய் எந்நேரமும் பிளந்து சிரித்தபடி. ஒரு நாள் மாமி கடைக்கு வந்தவ போனை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டா:

"இவன் ஏன் மனே எந்நேரமும் சிரிச்சிட்டு இரிக்கான்?"

"அடிக்கிறது அவனுக்கு விளங்காது மாமி."

சரி, கணக்கு. இதை மனதால் ஊகிக்காமல் டேமேஜ் கல்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். குவாக்சயருக்கு எச்பியில் 252 ஈவி (பயிற்சிப் புள்ளி), தற்காப்பில் 252, நேச்சர், அதாவது சுபாவம், ரிலாக்ஸ்ட் (தற்காப்பு கூடும், வேகம் குறையும், வேகம் இவனுக்கு எதற்கு?). நூறாம் லெவலில் எச்பி 394, தற்காப்பு 295. எதிரே ஜோலி (வேகம் கூட்டுகிற நேச்சர்) கார்சோம்ப், தாக்குதலில் 252 ஈவி. அதன் ஏர்த்குவேக் குவாக்சயருக்கு 132 முதல் 156 வரை விழும். இப்போது மச்சான் இரண்டு ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆடிவிட்டு அடிக்கிறான் என்று வையுங்கள். அன்அவேர் இல்லாத ஒருவனுக்கு இதே உடம்பிருந்தால் விழுவது 391 முதல் 462 வரை, மிகக் குறைந்த அடி விழுந்தால் மட்டும் மூன்று எச்பியில் தொங்குவான். அன்அவேர் இருந்தால்? அதே 132 முதல் 156. அவன் ஆடிய ஆட்டமெல்லாம் வீண்.

ரிக்கவர் போட்டால் பாதி எச்பி, 197, திரும்பி வரும். அடிப்பதைவிட மீள்வது கூட. அதைவிடப் பலமான அவுட்ரேஜ் என்ற அடியால் அடித்தாலும் உச்சம் 186தான். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் குவாக்சயரை எடுத்தேன். அதன் முகத்தைப் பார்த்து அல்ல.

முதல் தடவை இறக்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. அவன் இரண்டாவது டான்ஸ் ஆடுகிற நேரம் பார்த்து உள்ளே அனுப்பினேன். சட்டில் எழுதினான்:

"என்ன மச்சான், சேத்துக் குட்டானையா இறக்கிரிக்காய்?"

ஏர்த்குவேக். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் குறைந்தது. நான் டொக்சிக் போட்டேன். மறுபடி ஏர்த்குவேக், நான் ரிக்கவர். மறுபடியும் அதே. டொக்சிக் நஞ்சு முதல் முறை எச்பியில் பதினாறில் ஒரு பங்கு, அடுத்தது இரண்டு, அடுத்தது மூன்று என்று ஏறிக்கொண்டே போகும், ஆறு சுற்றுக்குள் ஆளை முடிக்கும். சட்டில் அவனுடைய சத்தம் நின்றுபோனது. பாதை வந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லிவிட்டு ஆட்டத்தை விட்டான். அந்நேரம் பாதை அக்கரையில் நின்றது என்று பிறகு அவனே ஒத்துக்கொண்டான்.

நான்கு அசைவுகளையும் சொல்லிவிடுகிறேன்: ஸ்கால்ட், ஏர்த்குவேக், டொக்சிக், ரிக்கவர். கையில் லெஃப்ட்ஓவர்ஸ், சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் எச்பி தருகிற பொருள். ஸ்கால்ட் என்ற வெந்நீர் அடி நூற்றுக்கு முப்பது தரம் எதிராளிக்குச் சூட்டுக் காயமும் போடும்.

இனிப் பொல்லாத பக்கம். புல் அடி பட்டால் குவாக்சயருக்கு நாலு மடங்கு, எனர்ஜி போல் என்ற புல் அடி ஒன்று போதும். அடி அல்லாத அசைவுகளைத் தடுக்கிற டோன்ட் (Taunt) போட்டால் ரிக்கவரும் இல்லை டொக்சிக்கும் இல்லை, சும்மா சிரித்துக்கொண்டிருப்பான். தற்செயலாகக் கூடுதலாக விழுகிற கிரிட்டிக்கல் ஹிட் இருபத்திநாலில் ஒன்று, அதைத் தடுக்க வழியில்லை. ஆகவே மிச்ச ஐந்து பேரையும் இவனைச் சுற்றி அடுக்க வேண்டும். புல்லை எரிக்க ஒருவன், சாதாரண தற்காப்பு தடுக்காத ஸ்பெஷல் அடிகளை வாங்க ஒருவன். இங்கேதான் அநேகர் பிழை விடுகிறார்கள். எல்லாரும் எடுக்கிற ஐந்து பேரை எடுத்து, ஆறாவதாக ஒரு ஆளில்லாததைச் செருகிவிட்டு, அது சரிவரவில்லை என்கிறார்கள். சிறிய ஆளுக்குப் பெரிய ஆட்கள் வேலை செய்ய வேண்டும், மற்றப்பக்கமாக இல்லை.

இரட்டை ஆட்டத்தில் இது இன்னும் வடிவாகத் தெரியும். டோர்கோல் என்ற ஆமையைக் கன காலமாக ஆரும் மதிக்கவில்லை. வேகம் 20. 2016இல் வந்த சன், மூன் ஆட்டங்களில் அதற்கு டிரவுட் கிடைத்தது, இறங்கினாலே வெயில். வெயிலில் நெருப்பு அடி ஒன்றரை மடங்கு. எரப்ஷன் என்ற அடி எச்பி நிறைய இருக்கும்போது 150 பலம், எச்பி குறையக் குறைய அதுவும் குறையும். அடி வாங்கும் முன் அடிக்க வேண்டும், ஆனால் ஆமை. பக்கத்தில் லிலிகண்டை நிறுத்தினார்கள். வெயில் இருந்தால் குளோரோஃபில்லால் லிலிகண்டின் வேகம் இரட்டிப்பாகும். அது முந்திக்கொண்டு ஆஃப்டர் யூ போட, அடுத்த அடி ஆமையுடையது. இல்லையென்றால் ட்ரிக் ரூம், ஐந்து சுற்றுக்கு மெதுவானவன் முதலில் அடிப்பான். ஆமையின் குறையே அங்கே அதன் பலம்.

முதலாம் லெவல் ரட்டாட்டா வித்தையையும் ஆராவது உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். முழு எச்பியில் இருக்கிறவனை ஒரே அடியில் சாகவிடாத ஃபோகஸ் சாஷால் ஒரு எச்பியில் நின்று, எண்டெவரால் எதிராளியையும் ஒன்றுக்கு இறக்கி, குவிக் அட்டாக்கால் முடிப்பது. எனக்கு அது பிடிக்காது. பேய் வகை ஒன்று வந்தால் அந்த இரண்டு அடியுமே படாது, இறங்குகிறவனைக் குத்துகிற ஸ்டெல்த் ரொக் தரையில் கிடந்தால் இறங்கியவுடனேயே சாஷ் வீண். பொடியன்கள் ஒரு தரம் சிரிப்பதற்கு நல்லது.

எதிராளி திகைப்பான் என்பதை மட்டும் நம்பி எதையும் எடுக்க வேண்டாம். இப்போது விஜிசி என்ற அதிகாரபூர்வ இரட்டை ஆட்டத்தின் பெரிய போட்டிகளில் ஆட்டத்துக்கு முன்பே இருவரும் அணிப் பட்டியலைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். கையில் என்ன இருக்கிறது, என்ன அசைவு, எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. நான் பரீட்சித்துப் பார்ப்பது இப்படி: கடையில் பிழைத்துப்போன போட்டோகொப்பித் தாள்களின் பின்பக்கத்தில் 20 ஆட்டத்துக்குக் குறிப்பேன். வென்றேனா தோற்றேனா என்பதை அல்ல, அந்தப் போக்கிமொன் தன் வேலையைச் செய்ததா என்பதை மட்டும். செய்தால் கோடு, வேலையே வராவிட்டால் சுழி, இறங்கிப் பாரமாக நின்றால் புள்ளடி. புள்ளடி கூடினால் ஆளை மாற்றுவேன். சுழி கூடினால் அந்த வேலையே என் அணிக்குத் தேவையில்லை என்று விளங்கும். லவ்டிஸ்கின் தாள் முழுக்கப் புள்ளடி. குவாக்சயரின் தாளில் கோடு பதின்மூன்று.

பதின்மூன்றுக்குப் பிறகு மச்சான் விழித்துக்கொண்டான். எக்ஸ்கட்ரிலோடு வந்தான். மோல்ட் பிரேக்கர் என்ற அபிலிட்டி உள்ளது, அன்அவேரைத் தூக்கி எறிந்துவிட்டு அடிக்கும். ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஒன்று ஆடிய ஏர்த்குவேக் குவாக்சயருக்கு 270 முதல் 318 வரை. ரிக்கவரின் 197 அதற்குக் காணாது. இரும்பு வகை என்பதால் டொக்சிக் ஏறாது. என் ஸ்கால்ட் அதில் பாதியைத்தான் எடுத்தது, அடுத்த சுற்றில் நான் இல்லை. சரி, லெவிட்டேட் இருக்கிறதே என்று வாஷிங் மெஷின் உருவத்து வாஷ் ரோட்டமை இறக்கினேன், நிலத்து அடி படாது என்ற நினைப்பில். மோல்ட் பிரேக்கர் லெவிட்டேட்டையும் பார்க்காது. வாஷிங் மெஷின் ஒரே அடியில் போனது. அபிலிட்டி விவரத்தை முழுக்க வாசிக்காமல் இறங்கினால் இதுதான்.

இப்போது ரோட்டமின் இடத்தில் கையரடோஸ். அது பறப்பு வகை, நிலத்து அடி படாமலிருப்பது வகையால் வருவது, மோல்ட் பிரேக்கரால் அதைத் தொட முடியாது. இறங்கும்போதே இண்டிமிடேட்டால் எதிராளியின் பலமும் ஒரு படி குறையும். குவாக்சயரை நான் எடுத்து வீசவில்லை. அணிப் பட்டியலில் அந்தச் சிரிப்பைக் கண்டவுடன் மச்சான் எக்ஸ்கட்ரிலை முதல் ஆளாக இறக்கிவிடுகிறான், நானும் முதல் ஆளாகக் கையரடோஸை இறக்கி வைத்திருக்கிறேன். போன கிழமை நாலு ஆட்டத்தில் மூன்றில் குவாக்சயர் களத்துக்கே வரவில்லை. தாளில் அதற்கு என்ன குறி போடுவது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.