பேரு ஒருத்தர் கையில மட்டும் இருக்க வேணாம்: கேம் ரசிகர் குழுவுக்கு டாட் ஈத் டொமைன்ல சைட் போடறது எப்படி

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடற ஒரு தமிழ் குழு நாங்க. மதுரையில பிரவுசிங் சென்டர்ல லேன் போட்டு கான்கரர்ஸ் ஆடின காலத்துல இருந்து சேந்து இருக்கோம். எங்களுக்கு ஒரு சைட் இருந்துச்சு, அதுல எங்க அண்ணன் ஒருத்தர் தமிழ்லயே பில்ட் ஆர்டர், அதாவது ஆட்டம் ஆரம்பிச்சதும் யார எந்த வேலைக்கு அனுப்பணும்ங்கற வரிசை, எழுதி வெச்சிருந்தார், "முதல் ஆறு பேரு ஆடு, அடுத்த நாலு பேரு மரம், அடுத்தவன் பன்னிய இழுத்துட்டு வரணும், பன்னிகிட்ட போறதுக்கு முன்னாடி லூம் போட்டுடு தம்பி"ன்னு இருக்கும். புதுசா வர்ற பசங்க எல்லாம் அத படிச்சுதான் கத்துக்கிட்டாங்க. டொமைன் அவர் பேர்ல, அவர் கார்டுல இருந்துச்சு. அவர் வேலைக்கு வெளிநாடு போனார், பழைய மெயில் ஐடிய பாக்கறத விட்டுட்டார், ரினியூவல் மெயில் எல்லாம் அங்கேயே போய் விழுந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் சைட்ட திறந்தா ஏதோ லோன் விளம்பரம் வருது. நாங்க பத்து பேர் காசு போட ரெடியா இருந்தோம், ஆனா அந்த அக்கவுண்ட்டுக்குள்ள போக எங்களால முடியல, போய் கேக்கறதுக்குள்ள வேற யாரோ பேர வாங்கிட்டாங்க. பழைய சைட்கள சேமிச்சு வெக்கற வேபேக் மெஷின்ல தேடினப்ப முதல் பக்கம் மட்டும் கிடைச்சுது, பன்னி இழுக்கற பக்கம் போனது போனதுதான்.

2022 ஏப்ரல்ல டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியான்னு கேமுக்கு ஒரு கூடுதல் பேக் வந்து, திராவிடர்கள்னு ஒரு நாகரிகம், உருமி வீரன், திரிசடை கப்பல், ராஜேந்திரன் கேம்பெயின்னு எல்லாம் கேம்குள்ளயே வந்ததும் குழுவுல மறுபடி உயிர் வந்துச்சு, புது சைட் வேணும்னு பேச்சு வந்துச்சு. இந்த தடவை பேரு ஒரே ஆள நம்பி இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணி டாட் ஈத் பக்கம் போனோம், டாட் காம் மாதிரி இது டாட் ஈத்னு முடியற பேரு. இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு: ஒரு டாட் ஈத் பேர யார் வேணா காசு கட்டி நீட்டிக்கலாம், ஓனரா இருக்கணும்னு அவசியமே இல்ல. பேரு ஓனர்கிட்டயே இருக்கும், காலம் மட்டும் கூடும். எங்க பழைய சைட்டுக்கு இது ஒண்ணு இருந்திருந்தா போதும்.

செய்யறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயத்த பிரிச்சு புரிஞ்சுக்கங்க, இல்லன்னா நடுவுல குழம்பிடும். பேரு வேற, சரக்கு வேற. பேருக்கு இஎன்எஸ், அதாவது எத்தீரியம் நேம் சர்வீஸ், 2017 மே மாசத்துல இருந்து ஓடுது, யார் பேரு எந்த முகவரிக்குங்கற கணக்கு எத்தீரியம் பிளாக்செயின்ல, அதாவது பல கம்ப்யூட்டர்கள்ல ஒரே மாதிரி இருக்கற ஒரு பொது கணக்கு நோட்டுல இருக்கும். பக்கங்கள், படங்கள் எல்லாம் இருக்கறது ஐபிஎஃப்எஸ்ல, அது ஆளுங்க கம்ப்யூட்டர்கள் நேரா ஃபைல பகிர்ந்துக்கற ஒரு நெட்வொர்க். சாதாரண வெப்ல "எந்த சர்வர்ல இருக்கு"ன்னு தேடுவோம், இதுல "எந்த சரக்கு"ன்னு தேடுவோம், யார்கிட்ட இருந்தாலும் எடுத்துக்கும்.

1. சைட்ட ஒரே ஃபோல்டர்ல ரெடி பண்ணுங்க

ஸ்டாட்டிக் சைட் மட்டும்தான் இங்க வேலைக்கு ஆகும். ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், படம், டவுன்லோட் ஃபைல், இவ்வளவுதான். பிஹெச்பி, டேட்டாபேஸ், லாகின் எதுவும் ஓடாது, அதனால வேர்ட்பிரஸ் சைட்ட அப்படியே தூக்கி போடலாம்னு நினைக்காதீங்க. கையால எழுதலாம், இல்ல ஹ்யூகோ மாதிரி ஒரு டூல்ல எழுதலாம்.

லிங்க் எல்லாம் ரிலேட்டிவ்வா இருக்கணும், அதாவது ஸ்லாஷ்ல ஆரம்பிக்கற லிங்க் வேணாம், புள்ளி போட்டு அப்புறம் ஸ்லாஷ் போடுங்க. இத விட்டுட்டீங்கன்னா உங்க டொமைன்ல நல்லா தெரியற சைட், கேட்வேல, அதாவது ஐபிஎஃப்எஸ் சரக்க சாதாரண பிரவுசருக்கு எடுத்துக் குடுக்கற சைட்ல, நேரா திறக்கறப்ப சிஎஸ்எஸ் இல்லாம எலும்புக்கூடா நிக்கும். எனக்கு முதல் நாள் ராத்திரி முழுக்க இதுலதான் போச்சு.

கேமோட ஒரிஜினல் ஃபைல்கள தூக்கி போடாதீங்க. ஸ்க்ரீன்ஷாட், வழிகாட்டி, நீங்க ஆடின மேட்ச் ரெக்கார்ட், நீங்களே செஞ்ச மேப் போதும். மைக்ரோசாஃப்ட் தன்னோட கேம்களுக்கு கேம் கன்டென்ட் யூசேஜ் ரூல்ஸ்னு ஒண்ணு வெளியிட்டிருக்கு, ரசிகர் சைட் வெக்கறவங்க அத ஒரு தடவை முழுசா படிச்சு, அதுல சொல்ற அறிவிப்ப உங்க சைட் அடியில போட்டுடுங்க. வேற கேம்னா அந்த கம்பெனியோட விதிய தேடி படிங்க.

2. ஐபிஎஃப்எஸ்ல ஏத்துங்க

ஐபிஎஃப்எஸ் டெஸ்க்டாப்னு ஒரு ஆப் இருக்கு, இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துக்கும் வருது. போட்டு திறந்து, ஃபைல்ஸ் பகுதியில இம்போர்ட் அழுத்தி உங்க ஃபோல்டர முழுசா குடுங்க. ஏறினதும் ஃபோல்டர் பக்கத்துல இருக்கற மெனுவுல சிஐடிய காப்பி பண்ற ஆப்ஷன் வரும். சிஐடி அந்த சரக்கோட கைரேகை மாதிரி. க்யூஎம்னு ஆரம்பிச்சா 46 எழுத்து, பாஃபின்னு ஆரம்பிச்சா 59 எழுத்து இருக்கும், எண்ணிப் பாத்துக்கங்க, ஒரு எழுத்து விட்டு காப்பி பண்ணிட்டு மணிக்கணக்கா மண்டைய உடைச்சவங்க எங்க குழுவுலயே உண்டு.

ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாருங்க. ஏதாவது ஒரு பக்கத்துல ஒரு கமாவ மட்டும் எடுத்துட்டு ஃபோல்டர மறுபடி ஏத்துங்க. சிஐடி மொத்தமா வேறயா வரும். கமாவ திரும்ப போட்டு ஏத்தினா பழைய சிஐடியே வந்து நிக்கும். இது கண்ணால பாத்தப்புறம்தான் எனக்கு முழு விஷயமும் பிடிபட்டுச்சு: நடுவுல யாரும் நம்ம பக்கத்த மாத்தி எழுதிட்டு அதே முகவரியில குடுக்க முடியாது.

3. பின் பண்ணுங்க, இத தள்ளிப் போடாதீங்க

நிறைய பேர் ஐபிஎஃப்எஸ்ல ஏத்திட்டா எப்பவும் இருக்கும்னு நினைக்கறாங்க. இருக்காது. உங்க கம்ப்யூட்டர் ஆஃப் ஆனா, வேற யார்கிட்டயும் காப்பி இல்லன்னா, சைட்டும் இல்ல. யாராவது ஒருத்தர் "இத நான் வெச்சிருக்கேன்"ன்னு பிடிச்சு வெச்சிருக்கணும், அதுக்கு பேருதான் பின்.

ரெண்டு வழியும் சேத்து பண்ணுங்க. ஒண்ணு, பினாட்டா, ஃபைல்பேஸ் மாதிரி பின்னிங் சர்வீஸ்ல அக்கவுண்ட் திறந்து அதே ஃபோல்டர ஏத்துங்க, அங்க வர்ற சிஐடி வேறயா இருந்தா பயப்பட வேணாம், ஏத்தற செட்டிங் மாறினா சிஐடியும் மாறும், ஏதாவது ஒரு சிஐடிய முடிவு பண்ணி எல்லாரும் அதையே பின் பண்ணணும், அவ்வளவுதான். ரெண்டாவது, குழு ஆளுங்க. அவங்க கம்ப்யூட்டர்லயும் ஐபிஎஃப்எஸ் டெஸ்க்டாப் போட்டு, இம்போர்ட்ல "ஃப்ரம் ஐபிஎஃப்எஸ்" தேர்ந்தெடுத்து உங்க சிஐடிய ஒட்டி, அப்புறம் அத அவங்க கம்ப்யூட்டர்ல பின்னும் பண்ணணும். எங்க குழுவுல நாலு பேர் வெச்சிருக்காங்க, ஒருத்தர் வீட்ல கரண்ட் போனாலும் இன்னொருத்தர் வீட்ல ஓடும். கேம் ஆட வீட்ல எப்படியும் நல்ல கம்ப்யூட்டர் ஓடிட்டுதான் இருக்கு, அதுல இதுவும் ஒரு ஓரமா ஓடட்டும்.

4. வாலட்

மெட்டாமாஸ்க் மாதிரி ஒரு வாலட், அதாவது உங்க பேரையும் காசையும் திறக்கற சாவிய வெச்சிருக்கற ஆப், போடுங்க, அதுவும் இந்த வேலைக்குன்னே புதுசா ஒண்ணு. டாட் ஈத் பேரோட எந்த வாலட் முகவரி சேந்திருக்குன்னு உலகமே பாக்கலாம், அந்த முகவரியில எவ்வளவு இருக்கு, எங்க அனுப்பினீங்கன்னும் பாக்கலாம், அதனால உங்க சொந்த சேமிப்பு இருக்கற வாலட்ட இதுக்கு பயன்படுத்தாதீங்க.

வாலட் 12 வார்த்தை குடுக்கும். பேப்பர்ல எழுதுங்க. ஸ்க்ரீன்ஷாட் வேணாம், வாட்ஸ்அப்ல உங்களுக்கே அனுப்பி வெக்கறதும் வேணாம். அந்த வார்த்தைகள யார் கேட்டாலும் அது திருட்டுதான், எந்த உண்மையான கஸ்டமர் கேரும் அத கேக்காது. தொலைஞ்சா மீட்டுக் குடுக்க ஒரு ஆபீஸும் கிடையாது.

உள்ள போட கொஞ்சம் ஈத்தர், அதாவது எத்தீரியத்தோட கிரிப்டோ காசு, வேணும். இந்தியாவுல எக்ஸ்சேஞ்ச்ல வாங்கணும்னா பான் கார்டு, கேஒய்சி கேப்பாங்க. 2022ல இருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரியும் விக்கறப்ப 1 சதவீத டிடிஎஸ்ஸும் இருக்கு, அதனால எவ்வளவு வாங்கினீங்க, எதுக்கு செலவு பண்ணீங்கன்னு ஒரு நோட்டுல குறிச்சு வெச்சுக்கங்க.

5. பேர வாங்குங்க

இஎன்எஸ் ஆப்ல போய் வாலட்ட இணைச்சு பேர தேடுங்க. 5 எழுத்தும் அதுக்கு மேலயும்னா வருஷத்துக்கு 5 டாலர், 4 எழுத்து 160 டாலர், 3 எழுத்து 640 டாலர். ரசிகர் குழுவுக்கு நீளமான பேரே நல்லாத்தான் இருக்கும், உருமிகோட்டைன்னு ஒரு பேரு வெச்சுக்கங்களேன், இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தாராளமா 5க்கு மேல வருது. தமிழ் எழுத்துலயே பேரு வாங்கலாம், எனக்கும் அதுதான் ஆசை, ஆனா முதல் பேர இங்கிலீஷ் எழுத்துல வாங்குங்க, அப்பதான் எந்த போன்லயும் எல்லாரும் டக்குனு அடிச்சு வருவாங்க. கேம் பேரையோ கம்பெனி பேரையோ டொமைன்ல வெக்காதீங்க, அதிகாரபூர்வ சைட்னு யாராவது நினைச்சா உங்களுக்குத்தான் தலைவலி.

வாங்கறப்ப ரெண்டு தடவை வாலட்டுல ஓகே கேக்கும், ஏமாத்தறாங்கன்னு நினைச்சுடாதீங்க. முதல் தடவை உங்க பேர மறைச்சு ஒரு சீட்டு மாதிரி போட்டு வெக்குது, குறைஞ்சது 60 விநாடி காத்திருக்கணும், அப்புறம் ரெண்டாவது தடவை பேர வெளிய சொல்லி வாங்குது. நடுவுல வேடிக்கை பாக்கறவன் முந்திக்கிட்டு வாங்கிடக் கூடாதுன்னு இந்த ஏற்பாடு. ரெண்டாவத 24 மணி நேரத்துக்குள்ள முடிச்சுடுங்க, இல்லன்னா திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், கட்டின கேஸ், அதாவது எத்தீரியத்துல பதியறதுக்கான கட்டணம், வீண்.

இந்த கேஸ் ஃபீ பேரோட விலைக்கு மேல தனியா போகும், நேரத்துக்கு நேரம் மாறும், சில நேரம் பேரோட விலையவே தாண்டிடும். வாலட் காட்டற தொகைய பாத்துட்டு அதிகமா தெரிஞ்சா மூடி வெச்சுட்டு வேற நேரம் வாங்க. ஒரே தடவையில 3 வருஷத்துக்கு எடுத்துட்டா வருஷா வருஷம் கேஸ் கட்டற வேலை மிச்சம்.

6. பேரையும் சரக்கையும் கட்டுங்க

இதுதான் முக்கியமான முடிச்சு, ஆனா வேலை என்னமோ ரெண்டு நிமிஷம்தான். இஎன்எஸ் ஆப்ல உங்க பேரோட ப்ரொஃபைல எடிட் பண்ணி, கன்டென்ட் ஹேஷ்ங்கற இடத்துல ஐபிஎஃப்எஸ், முக்காற்புள்ளி, ரெண்டு ஸ்லாஷ், அப்புறம் உங்க சிஐடி, இப்படி குடுத்து சேவ் பண்ணுங்க. ஒரு தடவை கேஸ் போகும்.

இப்ப எந்த பிரவுசர்லயும் உங்க பேரு, டாட் ஈத், டாட் லிமோன்னு அடிச்சுப் பாருங்க. முதல் தடவை மெதுவாத்தான் வரும். உங்க கம்ப்யூட்டர்லயே பாத்துட்டு விட்டுடாம, அத ஆஃப் பண்ணிட்டு வேற ஒருத்தர் மொபைல் டேட்டாவுல பாக்க சொல்லுங்க, பின் சரியா நிக்குதான்னு அப்பதான் தெரியும்.

அந்த லிமோங்கறது ஒரு பொது கேட்வே, சாதாரண டொமைன். 2022ல இதே வேலைய செஞ்சுட்டு இருந்த ஈத் டாட் லிங்க்ங்கற டொமைனுக்கு, ரினியூ பண்ற அதிகாரம் இருந்த ஆள் அமெரிக்காவுல சிறையில இருந்ததால காலாவதி ஆகிப் போய், கோர்ட் வரைக்கும் போய்தான் மீட்டாங்க. எங்க அண்ணன் கதைதான், பெரிய அளவுல. அதனால குழுவுக்கு சொல்றப்ப டாட் ஈத் பேர மனசுல பதிய வெக்க சொல்லுங்க, பின்னாடி வர்ற லிமோ நாளைக்கு மாறலாம்.

7. அப்டேட் பண்றது

பக்கம் மாறினா சிஐடி மாறும், சிஐடி மாறினா கன்டென்ட் ஹேஷ மாத்தணும், ஒவ்வொரு தடவையும் கேஸ். ஐபிஎன்எஸ்னு ஒரு வழி இருக்கு, மாறாத ஒரு முகவரிய கன்டென்ட் ஹேஷ்ல ஒரே தடவை குடுத்துட்டு உள்ள இருக்கறத கேஸ் இல்லாம மாத்திக்கலாம், ஆனா அந்த பதிவு சீக்கிரம் காலாவதி ஆகும், ஒரு கம்ப்யூட்டர் தொடர்ந்து ஆன்ல இருந்து புதுப்பிச்சுட்டே இருக்கணும். ஆரம்பத்துல இது வேணாம்னுதான் சொல்வேன். மாத்த வேண்டியத எல்லாம் சேத்து வெச்சு மாசத்துக்கு ஒரு தடவை ஏத்துங்க. புது சிஐடி வந்ததும் பின் வெச்சிருக்கற எல்லாருக்கும் அனுப்பறத மறந்துடாதீங்க.

டோர்னமென்ட் தேதி, அரட்டை, "இன்னிக்கு ராத்திரி யாரு வர்றீங்க" இதெல்லாம் டிஸ்கார்ட்லயோ மேட்ரிக்ஸ்லயோ நடக்கட்டும், சைட்ல அதுக்கு ஒரு லிங்க் போதும். சர்வர் மாறினாலும் லிங்க் மட்டும் மாத்திக்கலாம், ஆளுங்க வழக்கமான பேருக்கே வருவாங்க.

போன் நம்பர், சின்ன பசங்க போட்டோ, யாரோட ஊர் முகவரி, எதையும் ஏத்தாதீங்க. ஒருத்தர் பின் பண்ணி வெச்சுட்டா நீங்க அழிச்சாலும் அது அவர்கிட்ட இருந்து போகாது.

8. சாவிய மூணு பேர் கையில குடுங்க

நான் இவ்வளவு எழுதினதே இதுக்குத்தான். இப்ப வரைக்கும் பேரு உங்க ஒரு வாலட்டுல இருக்கு, அப்ப நீங்கதான் அடுத்த அண்ணன். சேஃப்னு ஒரு மல்டிசிக் வாலட் இருக்கு, மூணு பேர சேத்து, அதுல ரெண்டு பேர் ஓகே சொன்னாதான் எதுவும் நகரும்னு வெக்கலாம். எத்தீரியம் மெயின்நெட்லயே, அதாவது எத்தீரியத்தோட முக்கிய நெட்வொர்க்லயே உருவாக்குங்க, வேற நெட்வொர்க்ல உருவாக்கிட்டு அந்த முகவரிக்கு அனுப்பிட்டா சிக்கல். இஎன்எஸ்ல ஓனர், மேனேஜர்னு ரெண்டு பொறுப்பு தனித்தனியா இருக்கு. ஓனர சேஃபுக்கு மாத்துங்க, மேனேஜரா சைட்ட பாத்துக்கறவர விடுங்க. அவர் பக்கங்கள அப்டேட் பண்ணலாம், பேர மட்டும் தூக்கிட்டு போக முடியாது. அனுப்பறதுக்கு முன்னாடி முகவரிய மூணு பேரும் போன்ல எழுத்து எழுத்தா படிச்சு சரி பாத்துக்கங்க, நாங்க அப்படித்தான் பண்ணோம், இருபது நிமிஷம் ஆச்சு.

காலம் முடிஞ்சாலும் உடனே பேரு போயிடாது, 90 நாள் அவகாசம் இருக்கு. அப்புறம் யார் வேணா எடுக்கலாம், ஆரம்பத்துல ரொம்ப பெரிய விலையில இருந்து 21 நாள்ல படிப்படியா இறங்கும். முடியற தேதிய டிஸ்கார்ட்ல பின் பண்ணி வெச்சு, பக்கத்துலயே "யார் வேணா கட்டலாம், வாலட்ட இணைச்சு எக்ஸ்டென்ட் அழுத்துங்க"ன்னு எழுதிடுங்க. எங்களோடது போன மாசம் நீண்டுச்சு, கட்டினது யாருன்னு பாத்தா பன்னி இழுக்கறப்ப இன்னும் டவுன் சென்டர் ஆளுங்கள சாக விடற ஒரு புது தம்பி.